ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம்

(கணக்கீட்டுத் தொழிற்பரீட்சைகளுக்குத் தோற்றும் மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் முல்லைத்தீவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



கஷ்டப்பட்டுப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. இந்த மண்ணில் அதைச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. 2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், செட்டிகுளம் மனிக்பாம் முகாம்களுக்குள் இருந்தபடியே வன்னிப் பிள்ளைகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அவர்களோடு பிறந்தவர்களும் அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். முயற்சியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. நான் பேச வந்தது நேரத்தைக் கணக்கெடுப்பதைப் பற்றி மட்டும்தான்.

வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்த பிள்ளைக்கு முன்னால் இன்று பல வழிகள் உண்டு. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் சீ.ஏ. ஒரு வழி. 1987இல் தொடங்கிய கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர் சங்கத்தின் ஏ.ஏ.ரீ. இன்னொரு வழி, வன்னியில் நமது பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கால்வைப்பது அதில்தான். சீ.எம்.ஏ. இருக்கிறது, வெளிநாட்டு நிறுவனங்களின் பரீட்சைகளும் இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துக்கொண்டே இவற்றில் ஒன்றைத் தொடர்கிறவர்களும் உண்டு. எந்த வழியில் போனாலும் ஒரு விஷயம் பொது. இவை பள்ளிக்கூடப் பரீட்சைகள் போன்றவை அல்ல. மணி அடிக்க ஆள் இல்லை, வரவு எடுக்க ஆசிரியர் இல்லை. பகலில் வேலை, அல்லது பயிற்சி, சீ.ஏ. என்றால் மூன்று ஆண்டு செய்முறைப் பயிற்சியே இருக்கிறது. மிஞ்சும் நேரத்தில்தான் படிப்பு. அந்த மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்த பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை.

பெரும்பாலான ரைம்ரேபிள்கள் எப்படித் தயாராகின்றன? பெறுபேறு வந்த கிழமை ஒரு வேகம் வரும். புதுக் கொப்பி வாங்குவோம். கலர்ப் பேனையால் கட்டம் போடுவோம். விடிய நாலு மணிக்கு எழும்புதல், நாலரை முதல் ஆறரை வரை செலவுக் கணக்கியல், இரவு எட்டு முதல் பதினொன்று வரை நிதிக் கணக்கீடு என்று எழுதிச் சுவரில் ஒட்டுவோம். அந்தக் கட்டங்களில் பஸ் இல்லை, காய்ச்சல் இல்லை, சித்தி வீட்டுக் கலியாணம் இல்லை, மழை இல்லை. இரண்டு கிழமையில் அது பிந்திவிடும். பிந்தியதும், எனக்குப் படிப்பு ஏறாது என்று பிள்ளை தன்னையே நோகத் தொடங்கும். படிப்பில் ஒரு குறையும் இருக்காது. மதிப்பீடுதான் பிழைத்திருக்கும்.

இந்தப் பிழை நம்முடையது மட்டும் அல்ல. 1994இல் புயூலர், கிரிஃபின், ரொஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறுதியாண்டு மாணவர்களிடம், உங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று வந்தது. உண்மையில் எடுத்தது 55 நாளுக்கு மேல். எல்லாம் பிழைத்துப்போனால் எத்தனை நாள் எடுக்கும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்ன பதிலும் உண்மையான நாட்களைவிடக் குறைவாகவே இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே, அமைதியான நாட்டிலேயே இப்படி. ஆகவே உங்கள் மனம் சொல்லும் மணித்தியாலத்தை நம்பவேண்டாம், எண்ணிப் பாருங்கள்.

எண்ணுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். காசுப் பாதீடு தயாரிக்கப் படித்திருக்கிறீர்கள். முதலில் வரவை எழுதுவோம், பிறகுதான் கொடுப்பனவு. வராத காசை வரும் என்று எழுதினால் மாதக் கடைசியில் என்ன நடக்கும் என்பதை வாணிபக் கணக்கில் அழகாகச் சொல்கிறீர்கள். நேரத்துக்கும் அதே பாதீட்டைத்தான் போடச் சொல்கிறேன்.

ஒரு தங்கச்சியை எடுத்துக்கொள்வோம். வீடு புதுக்குடியிருப்பு. முல்லைத்தீவு நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. ஜனவரிப் பரீட்சைக்கு நாலு பாடம் எழுத நினைக்கிறாள். ஓகஸ்ட்டில் தொடங்கினால் கையில் 22 கிழமை. ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் படிப்பேன் என்கிறாள். சரி, எண்ணுவோம். காலை ஐந்து மணிக்கு எழும்பி, தேத்தண்ணி குடித்து, மேசையில் இருக்கும்போது ஐந்தேகால். ஆறேகாலுக்குக் குளிக்கப் போனால்தான் ஏழு மணி பஸ் பிடிக்கலாம். ஆக ஒரு மணித்தியாலம். பின்னேரம் வீடு வந்துசேர ஆறு மணி. அம்மாவுக்குச் சமையலில் கை கொடுத்து, விளக்கேற்றி, சாப்பிட்டு முடிய எட்டரை. ஒன்பதரைக்குக் கண் சொருகும். அதுவும் ஒரு மணித்தியாலம். வேலைநாள் ஐந்துக்கும் 10 மணித்தியாலம். சனிக்கிழமை காலை வகுப்பு. வகுப்பைப் படிப்பு நேரமாக எண்ணக்கூடாது. வந்தபிறகு மூன்று மணித்தியாலம். ஞாயிறு உடுப்புத் தோய்த்து, கோயிலுக்குப் போய், வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்து, ஒரே இருப்பில் கிடைப்பது இன்னொரு மூன்று. கிழமைக்கு 16. அவள் மனதில் இருந்தது 28.

22 கிழமைக்கு 352 மணித்தியாலம். இதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மிச்சம் ஏறக்குறைய 280. நாலு பாடத்துக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 70. இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவேண்டாம். இது கையில் இருக்கும் காசு. மனதில் இருந்த 28ஐ வைத்துத் திட்டம் போட்டிருந்தால் தை மாதம் கடனாளியாக நின்றிருப்பாள். 70 மணித்தியாலம் ஒரு பாடத்துக்குப் போதாது என்று தெரிந்தால், விதி இடங்கொடுக்கும் பரீட்சையில் இந்த முறை இரண்டு பாடத்தை மட்டும் எழுதலாம். நாலையும் கட்டி நாலிலும் 38, 40 என்று வாங்குவதைவிட இரண்டை எழுதி இரண்டையும் தாண்டுவது மேல். பரீட்சைக் கட்டணமும் மிச்சம், மனமும் மிச்சம். இதை விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் முடிவெடுக்கவேண்டும். அதனால்தான் பாதீடு முதல் கிழமையிலேயே வேண்டும் என்கிறேன்.

ஐந்தில் ஒரு பங்கை ஏன் கழிக்கச் சொன்னேன்? நமது ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் மாரி. காலபோக விதைப்பும் அப்போதுதான். வயல் உள்ள வீட்டில் அந்த மாதங்களில் எல்லாக் கையும் வேண்டும். 2018 டிசம்பர் 21, 22இல் பெய்த மழையில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் எப்படி மூழ்கின என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை கடந்தது. இரண்டும் ஜனவரிப் பரீட்சைக்கு முந்திய கிழமைகள். கொழும்பில் அச்சாகும் வழிகாட்டிகள், கடைசி ஆறு கிழமையை மீட்டலுக்கு ஒதுக்குங்கள் என்று சொல்லும். நமக்கு அந்த ஆறு கிழமையில்தான் பாதை மூடும், கரண்ட் போகும், சில வேளை வீட்டைவிட்டே எழும்பவேண்டி வரும். அலுவலகத்தில் வேலை என்றால் டிசம்பர் 31 கணக்கு முடிப்பும் இருப்பெடுப்பும் அதே கிழமைகளில். கடற்கரைப் பக்கம் வாடைக்குக் கடல் கொந்தளித்தால் தொழில் இல்லை. ரியூசன் காசைக் கேட்கவே பிள்ளை தயங்கும்.

கரண்ட் என்றதும் 2022 ஞாபகம் வருகிறது. அந்த மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அந்த நேரம் படித்த பிள்ளைகள் விடியற்காலை வெளிச்சத்துக்கும் பின்னேர வெளிச்சத்துக்கும் ரைம்ரேபிளை மாற்றினார்கள். இரவை நம்பியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். ஆகவே பாரமான வேலையை, அதாவது கையால் கணக்குச் செய்யும் வேலையை, விடிய வையுங்கள். கோட்பாட்டை வாசிப்பதை இரவுக்கு விடுங்கள்.

ஜூலைப் பரீட்சை என்றால் வேறு நாட்காட்டி. சித்திரை வருஷம், வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல், சிறுபோகம். இவற்றோடு, போரில் இழந்தவர்களை நினைவுகூரும் மே 18. அந்த நாளில் கொப்பி திறக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கமாட்டேன். திட்டம் போடும் முதல் நாளே அந்தக் கிழமையைக் கோடிட்டு மூடிவிடுங்கள். திட்டத்தில் மூடி வைத்த நாள் உங்களைக் குற்றவாளி ஆக்காது. அழுதுவிட்டு வந்து மறுபடி உட்காரலாம்.

இனி, கையில் உள்ள 280ஐ எதற்குச் செலவிடுவது?

நமது பிள்ளைகள் வாசிக்கிறார்கள். குறிப்பை ஒருமுறை வாசித்து, கோடிட்டு, இன்னொருமுறை வாசிக்கிறார்கள். வாசிக்க வாசிக்கத் தெரிந்த முகம்போல் ஆகிவிடும். அதைப் பாடம் ஏறியது என்று நினைத்துவிடுவோம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். வாசித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தவர்களோ ஒரு கிழமை கழித்து அவர்களைத் தாண்டிவிட்டார்கள். பரீட்சை ஐந்து நிமிடம் கழித்து நடப்பதில்லை. எழுதிப் பார்த்த பிள்ளைக்கே அது கைகொடுக்கும்.

ஆகவே பாஸ்ற் பேப்பரைக் கடைசிக்கு வைக்காதீர்கள். இங்கேதான் பாதீட்டில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 280 மணித்தியாலமும் ஒரேமாதிரியான மணித்தியாலம் அல்ல. முழு வினாத்தாள் எழுத ஒரே இருப்பில் மூன்று மணித்தியாலம் வேண்டும். அந்தத் தங்கச்சிக்கு அது கிழமைக்கு இரண்டுதான்: சனி பின்னேரம் ஒன்று, ஞாயிறு ஒன்று. ஒரு பாடத்துக்கு நாலு வினாத்தாள் என்றால் நாலு பாடத்துக்கும் 16. கிழமைக்கு இரண்டு வீதம் எட்டுக் கிழமை. மழைக்கும் மற்றதுக்கும் ஐந்தில் ஒன்று போகும் என்பதால் பத்துக் கிழமை. ஜனவரியிலிருந்து பத்துக் கிழமை பின்னுக்கு எண்ணினால் ஒக்ரோபர் கடைசி. முதல் வினாத்தாளை எழுதவேண்டிய நாள் அது! பாடத்திட்டம் முடியாவிட்டாலும் அன்றைக்குத் தொடங்கவேண்டும். மார்கழிக்கு விட்டால் உங்களிடம் மணித்தியாலம் இருக்கும். மூன்று மணித்தியாலத் துண்டு இருக்காது.

எழுதும்போது கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கவேண்டும். கடிகாரம் மேசையில் இருக்கவேண்டும். மூன்று மணித்தியாலம், நூறு புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம். இருபது புள்ளி வினாவுக்கு 36 நிமிடம். இந்த எண்ணை வினாவின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். நிதிக் கணக்கீட்டில் ஐந்தொகை சமப்படவில்லை என்று 55 நிமிடம் அதிலேயே நின்ற பிள்ளையின் விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். பக்கம் முழுக்க அழித்தெழுதல், ஓரத்தில் சிறு சிறு கூட்டல்கள், கடைசியில் வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டு முடித்திருக்கும். கூடுதலாகப் போன 19 நிமிடத்தின் விலை பத்துப் புள்ளி. அதே வினாத்தாளின் பின்பக்கத்தில் பெறுமானத்தேய்வு பற்றிய ஒரு சின்ன வினா தொடாமலே கிடக்கும். ஐந்தொகை சமப்படாவிட்டாலும் செய்முறைக்குப் புள்ளி உண்டு. தொடாத வினாவுக்கு ஒன்றும் இல்லை. 36ஆவது நிமிடத்தில் பேனையை எடுத்து அடுத்த பக்கத்துக்குப் போவது ஒரு பழக்கம்; அந்தப் பழக்கம் வீட்டு மேசையில்தான் வரும், பரீட்சை மண்டபத்தில் வராது.

எழுதிய பிறகு திருத்தவேண்டும். ஒரு வினாத்தாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் அதற்கு ஒதுக்குங்கள்; வேலைநாளின் சின்னத் துண்டுகள் அதற்குப் போதும். இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். தெரியாமல் இழந்ததா, தெரிந்தும் நேரம் போதாமல் இழந்ததா, வினாவைப் பிழையாக வாசித்து இழந்ததா? முதலாவதற்கு மறுபடி பாடத்துக்குப் போகவேண்டும். இரண்டாவதற்கு வேகம். மூன்றாவதற்கு வினாவை இரண்டுமுறை வாசிப்பது தவிர மருந்து இல்லை. எல்லாவற்றுக்கும் இன்னும் கூட வாசிப்பேன் என்று முடிவெடுத்தால் அந்த 280உம் வீணாகப் போகும்.

செலவுக் கணக்கியலில் முரண் பகுப்பாய்வு படிக்கிறீர்கள். பாதீட்டில் போட்டது என்ன, உண்மையில் வந்தது என்ன, வித்தியாசம் ஏன். ஞாயிறு இரவு பத்து நிமிடம் அதையே செய்யுங்கள். 16 என்று போட்டேன், 11 வந்தது, ஏன்? இரண்டு நாள் பஸ் பிந்தியது, ஒரு நாள் காய்ச்சல். அது உங்கள் கையில் இல்லை. ஒதுக்கி வைத்த ஐந்தில் ஒரு பங்கில் கழியட்டும். மிச்சம் போன இரண்டு மணித்தியாலம் கைத்தொலைபேசியில் போனது என்றால் அதையும் நேர்மையாக எழுதுங்கள். யாருக்கும் காட்டவேண்டாம். மூன்று கிழமை தொடர்ந்து 11 என்றால் உங்கள் உண்மையான வரவு 11தான். திட்டத்தை அதற்குக் குறையுங்கள், அல்லது பாடத்தைக் குறையுங்கள். எல்லாப் பாடத்துக்கும் சமமாக நேரம் பிரிக்கவும் தேவையில்லை. வரியில் வழமையாக இடறுகிற பிள்ளை வணிகச் சட்டத்திலிருந்து பத்து மணித்தியாலத்தை அங்கே மாற்றட்டும்.

நேரம் குறைந்தவர்கள் இந்தத் தொழிலுக்கு வரமுடியாது என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லவேண்டும். சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார். சட்டமறுப்பு இயக்கத்தில் சேர்ந்து ஓராண்டு சிறைத் தண்டனை பெற்று வேலூர்ச் சிறையில் இருந்தார். கணக்கியல் படிப்பது என்று முடிவெடுத்ததே அங்கேதான். 1933இல் தேர்ச்சி பெற்றார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவுசெய்ய முடியாது என்று அன்றைய சட்டம் தடுத்தது. அதையும் எதிர்த்து வழக்காடி வென்று 1937இல் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் அவர். இங்கே முன்வரிசையில் இருக்கும் தங்கச்சிமார் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போய் எழுதவேண்டி வந்தால், பரந்தனுக்கோ மாங்குளத்துக்கோ போய்ச் சேரவே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதன் பிறகுதான் ஏ9 வீதி. விடிய முதல் பஸ்ஸில் ஏறி ஒன்பது மணிப் பரீட்சைக்குப் போய்ச் சேரலாம் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் பின்னேரமே போய்த் தங்க ஒரு வீட்டை இப்போதே பேசி வையுங்கள். அடையாள அட்டை, அனுமதி அட்டை, கல்குலேற்றர், அதற்கு ஒரு மாற்று பற்றரி. இவையும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

கடைசியாக, பெற்றோர்களே, உங்களிடம் பேசவேண்டும். இவ்வளவு நேரம் நான் எண்ணிய மணித்தியாலங்களில் பாதிக்கு மேல் உங்கள் கையில் இருக்கிறது. மகன் படிக்கும்போது வானொலியைக் குறைக்கிறோம். மகள் படிக்கும்போது தேங்காய் துருவக் கூப்பிடுகிறோம். வன்னியில் தகப்பன் இல்லாமல் தாயே குடும்பத்தைத் தூக்கும் வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அங்கே பிள்ளையின் கை இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதும் தெரியும். முழு நாளையும் நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் மட்டும் கேட்கிறேன். எந்த மூன்று என்று பிள்ளையோடு இருந்து பேசி முடிவெடுங்கள். அந்த நேரம் வீட்டுக்கு யார் வந்தாலும், பிள்ளை படிக்கிறாள், இருங்கோ என்று நீங்களே சொல்லுங்கள். முடிந்த வீடுகள் சனி பின்னேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிமாரும் மேலதிகாரிமாரும் இங்கே இருந்தால், ஜனவரிப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு டிசம்பர் கடைசிக் கிழமை மேலதிக வேலை கொடுக்காதீர்கள். இருப்பெடுப்பில் அவளை வேறொரு நாளுக்கு மாற்றிப் போடுங்கள்.

தம்பி தங்கைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் ரைம்ரேபிள் எழுதவேண்டாம். ஒரு கொப்பியின் பக்கத்தை எடுத்து, வரும் கிழமை உங்களுக்கு உண்மையில் எத்தனை மணித்தியாலம் வருகிறது என்று ஏழு நாளும் எழுதிக் கூட்டுங்கள். அடுத்த சந்திப்புக்கு அந்த ஒரு எண்ணோடு வாருங்கள். அதிலிருந்து தொடங்குவோம்.